ஒப்பாரி என்ற சொல்லுக்குள் அழுகை இருக்கிறதா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், இப்போது பெங்களூரில் வேலை. பாட்டி இறந்தபோது அத்தைமார்கள் பாடி அழுததைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஒப்பாரின்னா ஒப்புக்கு அழறது. ஊருக்காக அழற பொய் அழுகை" என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர், ஒப்பாரியில் வரும் 'ஆரி' ஆரியரைக் குறிப்பது, இந்த வழக்கமே வடக்கிலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார். இதில் எது சரி, பிலாக்கணமும் ஒப்பாரியும் ஒன்றா என்பது கேள்வி. பார்ப்பதற்குச் சொற்பிறப்புக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால், "என் அத்தைமார் அழுதது மெய்யா, அது நம்முடையதுதானா" என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவன். பென்னாகரம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளை அனுப்பி அவரவர் பாட்டிமாரிடம் பாட்டுக் கேட்டு எழுதிவரச் சொல்வது என் வழக்கம். தாலாட்டும் நடவுப் பாட்டும் சுலபமாக வந்துவிடும். ஒப்பாரி மட்டும் வராது. சாவு விழாத வீட்டில் அதைப் பாடினால் ஆகாது என்று கிழவிகள் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் ஒப்பாரியை அது நடக்கும் இடத்துக்கே போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டதையும், வகுப்பில் நடத்திய இலக்கணத்தையும் இலக்கியத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்கலாம். ஒப்பாரி என்ற சொல் திருக்குறளில் இருக்கிறது. கயமை அதிகாரத்தின் முதல் குறள், 1071: "மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்." கயவர்கள் பார்வைக்கு மனிதரைப் போலவே இருப்பார்கள், அப்படி ஒரு ஒப்புமையை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை என்பது பொருள். பரிமேலழகரும் இந்த இடத்தில் ஒப்பாரியை ஒப்பு என்றுதான் கொள்கிறார். சாவு இல்லை, அழுகை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருப்பது என்ற ஒரே பொருள்தான் இங்கே. அகராதிகளும் ஒப்பாரிக்கு ஒப்பு என்ற பொருளையும் அழுகைப் பாட்டு என்ற பொருளையும் சேர்த்தே தருகின்றன.

இந்தக் குறளைக் கையில் வைத்துக்கொண்டால் பல விளக்கங்கள் தாமாகவே விழுந்துவிடும். ஒப்பாரியை 'ஒப்பு' + 'ஆரி' என்று பிரித்து, ஆரி என்பது ஆர்த்தல், அதாவது ஓசை எழுப்புதல் என்று சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஒப்புச் சொல்லி ஆர்த்து அழுவது ஒப்பாரி! ஆனால் வள்ளுவர் குறளில் யாரும் ஆர்க்கவில்லையே. சத்தமே இல்லாத இடத்தில் இந்தச் சொல் முழு உருவத்தோடு நிற்கும்போது, அதன் பின்பாதிக்குச் சத்தம் என்று பொருள் சொல்வது பிறகு வந்த பொருளை முன்னே கொண்டுபோய் ஒட்டுவதாகும். ஆரியர் என்ற விளக்கத்துக்கும் இதே கதிதான். கயவரும் மக்களும் ஒன்றுபோல் இருப்பதைச் சொல்லும் சொல்லுக்குள் ஆரியர் எப்படி வருவார்? ஒப்பாரியின் முன்பாதியோ சந்தேகத்துக்கே இடமில்லாத நம் சொல். 'ஒ' என்ற ஓரெழுத்து வேரிலிருந்து ஒத்தல், ஒப்பு, ஒப்புமை, ஒப்பனை என்று ஒரு குடும்பமே வந்திருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கன்னடம் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் 'ஒப்பு' என்ற சொல்லை இசைவது, சம்மதிப்பது என்ற பொருளில் நாளெல்லாம் புழங்குவதைக் கேட்கலாம். நாம் 'ஒப்புக்கொள்' என்கிறோமே, அதே வேர்தான். தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுவான சொத்து இது.

பின்பாதியான 'ஆரி' தனியாக என்ன பொருள் தருகிறது என்பதில் முடிவான விடை கிடையாது. ஆர்தல் என்றால் நிறைதல், பொருந்துதல். அதனோடு இகரம் சேர்ந்து பெயரானது என்று கொள்வது இலக்கணத்துக்கு ஒத்துவரும். குறளின் பொருளுக்கும் பொருந்தும். நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் இதைச் சாட்சி வைத்து நிறுவ முடியாது. இணையத்தில் யாராவது அடித்துச் சொன்னால், அது ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒப்புமையைக் குறித்த சொல் எப்படி அழுகைப் பாட்டுக்குப் போனது? இங்கே இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒன்று, இறந்தவரைப் பொன்னுக்கும் தேருக்கும் ஆலமரத்துக்கும் ஒப்பிட்டுச் சொல்லி அழுவதால் ஒப்பாரி. மற்றொன்று, துக்கத்தில் ஒத்தவர்கள் கூடி ஒருவருக்கொருவர் ஒப்பாக அழுவதால் ஒப்பாரி. நான் முதல் விளக்கத்தை ஏற்கிறேன். காரணம், கிராமத்து வழக்கில் 'ஒப்பாரி வைப்பது' என்பதோடு 'ஒப்புச் சொல்லி அழுவது' என்றும் ஒரு பேச்சு உண்டு. "அவ ஒப்புச் சொல்லி அழுதா பாரு, கேக்கறவங்க கல்லா இருந்தாலும் கரைஞ்சிருப்பாங்க" என்பார்கள். ஒப்பு இங்கே சொல்லப்படுகிற பொருள். ஒத்தவர்கள் கூடி அழுவது என்பது பேராக இருந்திருந்தால், 'ஒப்புச் சொல்லி' என்ற வழக்கு பிறந்திருக்காது.

அந்த ஒப்பு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். கேட்டவரின் கைபேசிப் பதிவிலும் இது இருக்கும். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போதே தலைமுடியை அவிழ்த்துவிடுவாள். பந்தல் கண்ணில் பட்டதும் குரல் எழும். உட்கார்ந்திருக்கும் பெண்களில் இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து அவளை இழுத்துத் தங்களுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். தோளில் கை, தலையோடு தலை, ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு குரல் முன்னே போகும், மற்றவை அதன் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். முதலில் விளி: மகளானால் "என்னப் பெத்த அம்மா", உடன்பிறந்தவளானால் "எங்கூடப் பொறந்த பொறப்பே", மனைவியானால் "என் ராசா", "என் சாமி". விளியைக் கேட்டே அழுபவள் யார், செத்தவருக்கு என்ன முறை என்று தெருவில் போகிறவர் சொல்லிவிடலாம். அதற்கு அடுத்த அடியில் ஒப்பு வரும். நீ தங்கத் தேர், நீ காய்த்த மரம், நீ நிறைந்த ஏரி. அதற்கும் அடுத்த அடியில் அந்த ஒப்புக்கே கேடு வரும். தேரின் அச்சு முறிகிறது, மரம் வேரோடு சாய்கிறது, ஏரிக்கரை உடைகிறது. இறந்தாய் என்று எவரும் நேராகச் சொல்வதில்லை. ஒப்பின் மேல் ஏற்றித்தான் சொல்வார்கள். எதுகையும் மோனையும் தாமாக வந்து விழும். அடியின் முடிவில் "அம்ம்மா" என்றோ "சாமீ" என்றோ ஒரு நீட்டல், மூச்சு தீரும்வரை இறங்கிக்கொண்டே போகும். அந்த நீட்டலுக்குள் பாடுகிறவள் அடுத்த அடியை மனதில் கட்டிவிடுவாள்.

இதைத்தான் நண்பர் பொய் அழுகை என்கிறார். அவர் சொல்வதற்கும் ஒரு அடிப்படை இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 'ஒப்புக்கு' என்றால் பேருக்கு, கணக்குக்கு என்று பொருள் தரும் வழக்கு தமிழில் உண்டு. "ஒப்புக்குச் சப்பாணி" என்போம். அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். ஆனால் ஒப்பாரி அதிலிருந்து வந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்களில் ஒன்றை மற்றொன்றின் தாயாக்கும் வேலை அது. ஒப்பனை என்பதும் இந்தக் குடும்பம்தான். அதனால் ஒப்பாரி என்றால் வேஷம் என்று சொல்லிவிட முடியுமா?

அழுகிறவள் இரண்டு நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு "எப்ப எடுக்கறாங்க, சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சா" என்று கேட்பதைப் பார்த்துத்தான் நகரத்துக்காரர்கள் இது நடிப்பு என்கிறார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. சாவு வீட்டில் பெண்களுக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், கோடி வந்ததா பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒரு வாய் காபியாவது கொடுக்க வேண்டும். அழுகைக்கு என்று ஒரு வடிவம் இருப்பதால்தான் அவளால் அதற்குள் போகவும் வெளியே வரவும் முடிகிறது. இன்னொன்றும் உண்டு. அந்த வட்டத்துக்குள் அவள் இன்று செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. போன வருஷம் போன புருஷன், பிறந்து தங்காத பிள்ளை, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்த தம்பி, எல்லோரும் வருவார்கள். அண்ணி சோறு போடாதது வரும், நிலத்தில் பங்கு கொடுக்காதது வரும். அம்மா போய்விட்டால் இனி தாய்வீட்டு வாசல் எனக்குத் திறக்குமா என்ற கேள்வி, எல்லா ஆண்களும் கேட்கும்படி, ஆனால் எவரும் எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் வைக்கப்படும். சாதாரண நாளில் இதில் பாதியைச் சொன்னாலும் சண்டை வந்துவிடும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாட்டைக் கேலி செய்வதும் பழையதுதான். எழவு வீட்டுப் பந்தலில் காய் தொங்குவதைப் பார்த்த ஒருத்தி "பந்தலிலே பாவக்கா" என்று ஒப்பாரியிலேயே இழுத்தாளாம். மற்றொருத்தி "போகும்போது பாத்துக்கலாம்" என்று சேர்ந்து இழுத்தாளாம். வீட்டுக்காரி, "அது விதைக்கல்லோ விட்டிருக்கு" என்று அதே மெட்டில் பதில் சொன்னாளாம். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கண் முன்னால் இருப்பதை அந்த நொடியிலேயே மெட்டுக்குள் அடக்கிப் பாட இந்தப் பெண்களால் முடியும் என்று இந்தக் கதையே சாட்சி சொல்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்களால் அது ஆகாது. 'ஒப்பாரி வைக்காதே' என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எரிச்சலோடு சொல்கிறோமே, அந்த இழிவுப் பொருள் இப்படிப்பட்ட கேலிகளின் வழியாக வந்து ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இனி, அது நம்முடையதா என்ற இரண்டாவது கேள்வி. சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருளைத் தேடினால், ஒப்பாரி என்ற பேர் அதற்கு விழுவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் அது இருந்திருக்கிறது. தொல்காப்பியம் புறத்திணையியலில், காஞ்சித் திணையின் துறைகளில் ஒன்றாக "ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலை" வருகிறது. ஒழிந்தோர் என்றால் செத்தவரில்லை, பிழைத்து எஞ்சி நிற்பவர்கள். கையறுநிலை என்றால் செய்வதற்கு எதுவும் இல்லாமல் நிற்கும் நிலை. புலம்பல் என்ற சொல்லையும் பாருங்கள். இன்று அதற்கு ஓயாமல் அழுது பேசுவது என்று பொருள். தொல்காப்பியர் உரியியலில் "புலம்பே தனிமை" என்கிறார். அன்றைக்குப் புலம்பு என்றால் தனியாக விடப்பட்டிருப்பது. தனித்து விடப்பட்டவர் எழுப்பும் குரலுக்கும் அதுவே பேராகிவிட்டது. மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்வார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் இழவு என்பது இழப்பு. நம் ஊரில் "எழவு விழுந்துடுச்சு", "எழவு சொல்ல ஆள் வந்திருக்கு" என்கிறோமே, அந்த எழவு தொல்காப்பியரின் இழவுதான்.

அழும் குரலே எழுத்தில் பதிவான இடமும் உண்டு. புறநானூறு 255, வன்பரணர் பாட்டு. காட்டு வழியில் கணவன் விழுந்து கிடக்கிறான். மனைவி சொல்கிறாள்: "ஐயோ எனின்யான் புலியஞ் சுவலே." ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, உன்னைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் உன் அகன்ற மார்பு என்னால் தூக்கக் கூடியதாக இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நட, அந்த மலை நிழல்வரை போய்விடலாம் என்கிறாள். வாய்விட்டு அழக்கூட முடியாத ஒருத்தியின் பாட்டு இது. இந்த ஐயோ இன்றுவரை எழுத்துக்கூட மாறாமல் நம் வாயில் இருக்கிறது. ஐயன் என்ற சொல்லை விளிக்கும்போது பிறந்தது, அதாவது தந்தையையோ தலைவனையோ கூப்பிடுவது என்று சொல்வார்கள். அடிபட்டால் "அம்மா", "அப்பா" என்று கத்துகிறோம் என்பதை நினைத்தால் இது ஏற்கத்தக்கதே. ஆனால் ஐயோ என்பது அழுகைக்கு மட்டும் உரியதாகத் தங்கிவிடவில்லை. கம்பர் இராமன் அழகைச் சொல்லும்போது, மையோ மரகதமோ என்று ஒப்புத் தேடித் தேடித் தோற்று, கடைசியில் "ஐயோ" என்றுதான் நிற்கிறார். துக்கம் ஆனாலும் வியப்பு ஆனாலும் சொல் தீர்ந்த இடத்தில் வரும் ஒலியாக அது ஆகிவிட்டது.

அடுத்ததைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது, ஏனென்றால் அது நம் மண்ணின் பாட்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 231, 232, 235 ஆகிய எண்களில் இருக்கின்றன. 235-வது பாட்டு "சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே" என்று தொடங்குகிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பானே, சோறு கொஞ்சமானாலும் பலரோடு பகிர்ந்து உண்பானே, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே. அடிக்கு அடி "மன்னே" வருகிறது. இந்த 'மன்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் பொருள்களில் முதலாவது கழிவு. அதாவது, அது இருந்தது, இப்போது போய்விட்டது. ஒப்பாரியில் "சந்தைக்குப் போனா எனக்குன்னு வாங்கி வருவியே", "சாமம் ஆனாலும் திண்ணையில உக்காந்திருப்பியே" என்று அடிக்கு அடி வரும் அந்த '-யே' செய்வதும் இதே வேலைதான். ஔவை பாடியது ஒப்பாரி என்று நான் சொல்லவில்லை. அது புலவர் பாட்டு, ஆசிரியப்பா. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நூற்றாண்டுகள். நேர்க்கோடு போட முடியாது. ஆனால் அப்பாட்டின் கடைசியில், அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கையைத் துளைத்து, புலவர் நாவிலும் போய் விழுந்தது என்கிறாளே, அதைப் படித்துவிட்டு ஒரு ஒப்பாரியைக் கேளுங்கள். ஒருவன் சாவில் எத்தனை பேரின் வாழ்வு போகிறது என்று கணக்குச் சொல்லும் அதே முறை இரண்டிலும் இருப்பது காதில் விழும். 232-இல் அவனுக்கு நடுகல் நட்டு, பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் உகுத்துப் படைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதையா கொள்வான் என்று ஔவை கேட்கிறாள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் வேடியப்பன் என்று நாம் கும்பிடும் கல் பலவும் இப்படிப்பட்ட நடுகற்கள்தான். தருமபுரி அருங்காட்சியகத்திலும் பல நடுகற்களைப் பார்க்கலாம்.

பிலாக்கணம் ஒப்பாரிதானா என்றால், பேச்சில் ஆம். "பிலாக்கணம் பாடறா" என்றாலும் "ஒப்பாரி வைக்கறா" என்றாலும் பலருக்கு ஒன்றுதான். சொல்லைப் பார்த்தால் வேறு. பிரலாபம் என்ற வடசொல் புலம்பலைக் குறிக்கும். பிலாக்கணத்தை அதோடு சேர்த்துச் சொல்வது பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் நடுவில் 'க்கண' எப்படி நுழைந்தது என்பதற்குச் சரியான விளக்கம் வேண்டும், அதனால் இதை ஐயத்துக்குரியதாகவே வைக்கலாம். அது வடசொல்லாகவே இருந்தாலும், பாட்டு வடக்கிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. பேர் கடன் வாங்கலாம், அழுகையை யாரும் கடன் வாங்குவதில்லை. மாரடிப் பாட்டு என்பது மாரில் அடித்துக்கொண்டு பாடுவது. 'கூலிக்கு மாரடிப்பது' என்ற வசவு காசுக்கு அழ ஆள் வைத்த பழக்கத்தைக் காட்டுகிறது. அப்படி ஒரு பழக்கம் உண்டு, இன்றும் மைக்செட்டோடு வந்து பாடும் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் வட்டத்துக்குள் தலை சாய்த்து அழும் அத்தைக்கு அந்தப் பேரை ஒட்டுவது அநியாயம். குலவையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலி, பெரும்பாலும் நல்ல காரியத்துக்கு உரியது. அதில் சொல் கிடையாது, ஒப்பாரிக்குச் சொல்தான் உயிர்.

கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் ஒரு சுவை உண்டு. ஒரே சாவு வீட்டில் மூன்று மொழியிலும் அழுகை கேட்கலாம். கன்னடத்தில் அழுவதற்கு 'அளு', நம் அழுவின் உடன்பிறப்பு, ழகரம் ளகரம் ஆகியிருக்கிறது. "லபோதிபோன்னு கத்தினான்" என்று நாமும் சொல்கிறோமே, அந்த லபோதிபோ தெலுங்கர் வாயிலும் நிறையப் புழங்கும், வாயிலடித்துக்கொண்டு அலறுவதைக் குறிக்கும் சொல். லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது என்பதால் அது அங்கிருந்து இங்கு வந்தது என்று கொள்வதே பொருத்தம். அலறும் ஒலியையே சொல்லாக்கிய பேர் அது. ஒப்பாரி அப்படிப்பட்ட சொல் இல்லை என்பது இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

தெருக்கூத்தை மறந்துவிட முடியாது. நம் பகுதியில் பாரதம் நடத்தும் ஊர்களில் கடைசி நாள் படுகளம். மண்ணைக் குவித்துத் துரியோதனனைப் பெரிய உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடை பிளந்து விழுந்த பிறகு, பெண் வேஷம் கட்டிய ஆண் நடிகர் வந்து அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஒப்பாரி வைப்பார். பொழுது விடிந்து வெயில் ஏறியிருக்கும், முகத்தில் அரிதாரம் வழியும். எதிரிக்காக அழுகிறோமே என்று பார்க்காமல் சுற்றி நிற்கும் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். சாவு காரியத்தில் கர்ணமோட்சம் ஆடுகிற ஊர்களும் உண்டு. வீட்டுப் பெண்களின் பாட்டிலிருந்து கூத்துக்காரர் எடுத்துக்கொண்டதும், கூத்திலிருந்து அடிகள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கலந்தே நடந்திருக்கின்றன. பதிவில் கர்ணன் பேரோ அபிமன்யு பேரோ வந்தால் திகைக்க வேண்டாம்.

நண்பர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: ஒப்பாரி ஒப்பு என்ற தமிழ் வேரிலிருந்து வந்த சொல், இது உறுதி. திருக்குறள் காலத்தில் அதன் பொருள் ஒப்புமை, இதுவும் உறுதி. ஒப்பிட்டுச் சொல்லி அழுவதால் அழுகைப் பாட்டுக்கு அந்தப் பேர் வந்தது என்பது நான் ஏற்கும் விளக்கம், ஆனால் எந்த நூற்றாண்டில் அந்த மாற்றம் நடந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வைத்துத் தேதி குறிக்க இயலாது. பொய் அழுகை, ஆரியர் வழக்கம் என்ற இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

கடைசியாக அந்தப் பதிவைப் பற்றி. அதை எழுத்தாக்கப் போவதாகக் கேள்வியின் முடிவில் சொல்லியிருக்கிறீர்கள். அத்தைமார்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் அதில் குடும்பத்து வழக்கு ஏதாவது இருக்கும். காரியம் முடிந்து கொஞ்ச நாள் போகட்டும், அதுவரை வீட்டில் ஒலிக்கவிட வேண்டாம். எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். 'பொறப்பே' என்றால் 'பொறப்பே' என்றே எழுதுங்கள். நீட்டலை எங்கே நிறுத்தினார்கள், எந்த இடத்தில் மற்றவர்கள் சேர்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் பாடியவர் இறந்தவருக்கு என்ன முறை, எந்த ஊரில் பிறந்து எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர் என்று எழுதி வையுங்கள். முறை தெரியாவிட்டால் பாதி அடிகளுக்குப் பொருள் பிடிபடாது. விளங்காத சொல் வந்தால் அகராதியைத் தேடுவதற்கு முன் மூத்த அத்தையிடம் கேளுங்கள்.